தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு பேண்ட்

ராக் இசையில் யார் யாரிடமிருந்து வந்தார்கள் என்ற பேச்சை எடுத்தாலே எல்லோரும் ஒரே மாதிரிதான் கோடு இழுக்கிறார்கள். பிளாக் சப்பாத் இல்லாவிட்டால் மெட்டாலிகா இல்லை, பீட்டில்ஸ் இல்லாவிட்டால் ஓயேசிஸ் இல்லை, ராபர்ட் ஜான்சன் இல்லாவிட்டால் எரிக் கிளாப்டன் இல்லை. எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு இரண்டு முனைகள் மட்டும்தான் இருக்கின்றன, நடுவில் ஒருவரையும் காணோம். சப்பாத்தின் முதல் ஆல்பம் வந்தது 1970இல், மெட்டாலிகா முதல் தடவை மேடை ஏறியது 1982இல். இடைப்பட்ட 12 வருடம் அந்த இசையை யார் சுமந்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ராக் வரலாறே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும், கூடவே பாதிப் பேர் கேள்விப்பட்டிராத சில பெயர்களும் வந்து நிற்கும். அந்தப் பெயர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெட்டாலிகாவிலிருந்தே தொடங்கலாம். அதன் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் டென்மார்க்கில் பிறந்து கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர். 1981 கோடையில், 17 வயதில், தனக்குப் பிடித்த ஒரு பேண்டைப் பார்ப்பதற்காகவே இங்கிலாந்துக்கு விமானம் ஏறினார். அது லெட் செப்பலினும் இல்லை, சப்பாத்தும் இல்லை. டயமண்ட் ஹெட். ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரைச் சேர்ந்த நான்கு பையன்கள், பெரிய கம்பெனி எதுவும் கண்டுகொள்ளாததால் 1980இல் தங்கள் முதல் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டு, வெறும் வெள்ளை உறையில் போட்டு, கச்சேரிகளிலும் தபாலிலும் விற்றவர்கள். கச்சேரி முடிந்ததும் உல்ரிக் நேராகப் போய் அறிமுகம் செய்துகொண்டார். அப்புறம் கிட்டாரிஸ்ட் பிரையன் டேட்லரின் வீட்டிலேயே தங்கிவிட்டார். கூடச் சேர்ந்து வாசிக்க ஆள் தேடி அந்த ஆண்டு அவர் கொடுத்த வரி விளம்பரத்திலும் டயமண்ட் ஹெட்டின் பெயர் இருந்தது. அப்படித்தான் மெட்டாலிகா உருவானது.

1982 மார்ச்சில் நடந்த அவர்களுடைய முதல் கச்சேரியில் சொந்தப் பாட்டு என்று இருந்தது மிகக் குறைவு, மற்றதெல்லாம் அடுத்தவர்களுடையது, அதிலும் டயமண்ட் ஹெட் பாடல்களே அதிகம். இவை வேறொருவர் பாடல்கள் என்று அந்தக் காலத்தில் மேடையில் சொல்லவும் மாட்டார்கள், கேட்டவர்களும் மெட்டாலிகாவின் பாட்டு என்றே நினைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் இசையையே கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். டயமண்ட் ஹெட்டின் 'ஆம் ஐ ஈவில்' 7 நிமிடத்துக்கு மேல் ஓடும். ராணுவ அணிவகுப்பு மாதிரி மெதுவாகத் தொடங்கி, ஒரு ரிஃப்புக்குள் (திரும்பத் திரும்ப வருகிற சின்ன கிட்டார் துணுக்கு) வந்து, அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று வேகம் இரட்டிப்பாகி, வேறொரு பாட்டுக்குள் நுழைந்தது போல ஆகி, நீளமான கிட்டார் சோலோ ஒன்றைத் தாண்டி முடியும். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற வட்டமே அதில் முக்கியமில்லை, ரிஃப்புக்குப் பின் ரிஃப்பாக அடுக்கிக்கொண்டு போவதுதான் கட்டுமானம். மெட்டாலிகாவின் முதல் நான்கு ஆல்பங்களைக் கேட்டவர்களுக்கு இது எங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் சொல்லவே வேண்டாம். டேட்லருக்கோ சப்பாத்தின் 'சிம்ப்டம் ஆஃப் தி யூனிவர்ஸ்' பாட்டைவிடக் கனமாக ஒன்று எழுத வேண்டும் என்ற வெறி இருந்தது, இந்தப் பாட்டே அதிலிருந்து பிறந்ததுதான். ஆக சப்பாத்திலிருந்து மெட்டாலிகாவுக்கு இழுக்கிற கோடு இந்த வெள்ளை உறைக்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. வரும்போது அது மாறியும் விடுகிறது. சப்பாத்தின் கனத்தோடு வேகமும் சேர்ந்தது நடுவில் இருந்த இவர்கள் கையில்தான் (இவர்களோடு மோட்டார்ஹெட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்).

மெட்டாலிகா பின்னாளில் அந்தக் கடனைத் தீர்த்தது, அதையும் சொல்லியாக வேண்டும். டயமண்ட் ஹெட்டின் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள், 1993இல் மில்டன் கீன்ஸில் நடந்த பெரிய திறந்தவெளிக் கச்சேரியில் தங்களுக்கு முன்னால் வாசிக்க அவர்களைக் கூப்பிட்டார்கள். தன் பேண்டைவிட அந்த ராயல்டிதான் தன்னைக் காப்பாற்றியது என்கிற அர்த்தத்தில் டேட்லர் பேட்டிகளில் பேசியிருக்கிறார்.

சரி, சப்பாத்தின் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

சப்பாத்தின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி பர்மிங்ஹாமில் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இசையை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்வதாக முடிவு செய்து, வேலையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டிய கடைசி நாள் அன்று இயந்திரத்தில் வலது கையின் நடுவிரலும் மோதிர விரலும் மாட்டி நுனிகள் துண்டாகிப் போயின. அப்போது வயது 17. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கை அவருக்கு வலது கைதான், போனது அந்தக் கையின் விரல் நுனிகள். இனி கிட்டாரே இல்லை என்று உடைந்துபோய் இருந்தபோது தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வாசித்தது. 1928இல் வண்டிவீடு தீப்பிடித்து இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகு, மிச்சமிருந்த விரல்களை வைத்தே ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஜாஸ் கிட்டாரிஸ்டாக ஆனவர் ஜாங்கோ. அயோமி வீட்டிலேயே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, உருண்டையாக்கி, துளை போட்டு, தன் விரலுக்கு அளவாகத் தேய்த்து, தந்தியில் வழுக்காமல் இருக்கத் தோல்துண்டு ஒட்டி, விரல் தொப்பிகள் செய்துகொண்டார். கனமான தந்திகளை அந்தத் தொப்பிகளோடு வளைக்க முடியவில்லை, மெல்லிய தந்தி செட் கடைகளில் கிடைக்காததால் பான்ஜோ தந்திகளை எடுத்துக் கிட்டாரில் மாட்டினார்.

1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்களுக்குச் சுருதியையே ஒன்றரைக் கட்டை இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலுக்கு நோவு குறையும். பேஸ் வாசித்த கீசர் பட்லரும் சேர்ந்து இறக்கினார். அதுவரை ராக்கில் யாரும் கேட்டிராத ஒரு அடர்த்தி வந்தது. 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, அந்த முதல் சில விநாடிகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். தந்தி இழுவையாக அதிர்வது காதில் விழும், ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் தாமதமாக வந்து உட்காரும்.

எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று இருக்கிறது. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான கிட்டாரிஸ்டுகளுக்குப் பத்து விரலும் நன்றாகத்தான் இருந்தன. சுருதியை இறக்க அவர்களுக்குக் கட்டாயம் எதுவுமே இல்லை. ஒரு மனிதர் தன் வலியைக் குறைக்கக் கண்டுபிடித்த வழி, அடுத்த தலைமுறைக்கு வெறும் ஓசையாக, ஆசைப்பட்டுத் தேடிப்போகிற ஓசையாகக் கைமாறியது. பாடலைப் பார்த்து எழுதுவதைவிட இது ஆழமான தாக்கம் என்று நினைக்கிறேன். பாட்டு ஒருவருடையதாகவே இருந்துவிடும், ஆனால் சுருதி இறக்குகிற வித்தை கைக்கு வந்துவிட்டால் அதை வைத்து அயோமி கனவிலும் நினைக்காத பாட்டை எழுதலாம்.

அப்படி எழுதியவர்களில் சியாட்டில்காரர்கள் முக்கியமானவர்கள், அங்கேயும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். பஸ் ஆஸ்போர்ன். வாஷிங்டன் மாநிலத்தில் மாண்டிசானோ என்ற சின்ன ஊரில் 1983இல் மெல்வின்ஸ் பேண்டைத் தொடங்கியவர். முதலில் வேகமான ஹார்ட்கோர் பங்க் வாசித்தார்கள். அப்புறம் 1984இல் கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் 'மை வார்' ஆல்பத்தை வெளியிட்டது, அதன் இரண்டாம் பக்கம் முழுக்க ஆறு நிமிடத்துக்கு மேல் போகிற மூன்றே பாடல்கள், சப்பாத் வாசனையோடு, ஊர்ந்து போகிற வேகத்தில். வேகத்துக்காகவே வந்த பங்க் ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவே இல்லை. மெல்வின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் மெதுவாகப் போனார்கள். பங்க்கின் கோபத்தையும் சப்பாத்தின் எடையையும் ஒன்றாகப் பிசைந்தால் என்ன வரும் என்பதை அந்த வட்டாரத்துக்கே காட்டியவர்கள் அவர்கள்தான். கீழ்த் தந்தியை மட்டும் ஒரு கட்டை இறக்குகிற 'டிராப் டி' சுருதியை சியாட்டிலின் சவுண்ட்கார்டன் பேண்டின் கிட்டாரிஸ்ட் கிம் தாயிலுக்குச் சொன்னது பஸ் ஆஸ்போர்ன் என்று தாயிலே சொல்லியிருக்கிறார். சவுண்ட்கார்டனின் பாதி ஓசை அந்த ஒரு தகவலில் இருக்கிறது.

பக்கத்து ஊரான அபர்டீனில் இருந்த ஒரு பையனுக்கும் பஸ்தான் பங்க் பாடல்களைக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். அந்தப் பையன் கர்ட் கொபைன். அவருடைய பேண்டான நிர்வாணாவின் 1988 ஜனவரி டெமோவில் (மாதிரிப் பதிவு) டிரம்ஸ் வாசித்தது மெல்வின்ஸின் டேல் குரோவர், அதிலிருந்து சில பதிவுகள் அடுத்த வருடம் 'பிளீச்' ஆல்பத்திலேயே இடம்பிடித்தன. 1990இல் டிரம்மர் டேவ் குரோலை நிர்வாணாவுக்கு அறிமுகப்படுத்தியதும் பஸ்தான். 1992 ஜனவரியில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தபோது மெல்வின்ஸின் பெயர் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவர்கள் இன்றும் ஆல்பம் போட்டுக்கொண்டு, ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் கொபைனை நான் மனமாரப் பாராட்டுகிற ஒரு விஷயம், அவர் பெயர்களைச் சொன்னார். ஓயாமல் சொன்னார். புகழ் வந்ததும் வந்த வழியை மறைக்கிறவர்கள் உண்டு, தன் காதில் விழுந்ததையெல்லாம் தன் மூளையில் உதித்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. கொபைன் அப்படி இல்லை. தான் எழுதிய மிகப் பெரிய வெற்றிப் பாடலே பிக்ஸீஸ் என்ற பேண்டை அப்பட்டமாகக் காப்பியடிக்கப் பார்த்ததுதான் என்று 1994இல் வெளியான பேட்டியில் சொன்னார். மெதுவாகத் தொடங்கி, சட்டென்று வெடித்து, மறுபடி அடங்குகிற அந்த அமைப்பு அங்கிருந்து வந்தது. லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ரெயின்கோட்ஸ் பேண்டின் ஆனா டா சில்வாவைத் தேடிப்போய், அவர்களுடைய முதல் ஆல்பம் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். 1993இல் அந்த ஆல்பம் மறுபதிப்பாக வந்தபோது உறைக் குறிப்பை எழுதியதும் அவர்தான். ஸ்காட்லாந்தின் வேஸலின்ஸ் பாடல்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார், அதனால்தான் உலகத்துக்கு அப்படி ஒரு பேண்ட் இருந்ததே தெரிந்தது.

நான் இந்த இசைக்குள் நுழைந்த கதவும் அதுதான். 1993 நவம்பரில் எம்டிவி தொலைக்காட்சிக்காகப் பதிவான நிர்வாணாவின் 'அன்ப்ளக்ட்' நிகழ்ச்சி. எம்டிவி பெரிய பெயர் யாராவது விருந்தாளியாக வருவார்கள் என்று எதிர்பார்த்தது. கொபைன் அழைத்து வந்தது மீட் பப்பெட்ஸின் கிர்க்வுட் சகோதரர்களை, அவர்களுடைய பாடல்களில் மூன்றை அவர்களையே வைத்துக்கொண்டு பாடினார். அவை தவிர டேவிட் போவி, வேஸலின்ஸ் பாடல்கள், கடைசியில் கறுப்பின நாட்டுப்பாடகர் லெட் பெல்லியின் 'வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்'. 1949இல் இறந்துபோன லெட் பெல்லியின் குரலில் இருந்து வந்த அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்ட பிறகு நான் பழைய பதிவுகளைத் தேடிப் போனேன். கேட்கக் கேட்க, அந்தப் பாட்டு லெட் பெல்லிக்கும் முந்தையது, அமெரிக்க மலைப்பகுதிகளின் நாட்டுப்பாடல் என்று தெரிந்தது. அதற்கும் கொபைனுக்கும் நடுவில் இன்னொருவர் இருந்தார், ஸ்கிரீமிங் ட்ரீஸ் பாடகர் மார்க் லானகன். 1990இல் வந்த அவருடைய தனி ஆல்பத்திலேயே அந்தப் பாட்டு இருக்கிறது, அந்தப் பதிவில் கொபைனும் நிர்வாணாவின் பேஸ் கிட்டாரிஸ்ட் நோவசெலிக்கும் வாசித்தும் இருக்கிறார்கள். பாட்டு எப்படி வளர்ந்தது என்று தெரிய வேண்டுமானால் லெட் பெல்லி, லானகன், அன்ப்ளக்ட் என்று இந்த மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

பெயர் சொல்லாமல் போனவர்களின் கதையும் இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் ராக் இசையின் மூத்தவர்கள் என்று நாம் சொல்கிற ஆங்கிலேயர்களில் பெரும்பாலானோர் கறுப்பின அமெரிக்கர்களின் வாரிசுகள். வில்லி டிக்ஸன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டு ஒன்றை 1966இல் ஸ்மால் ஃபேஸஸ் எடுத்து வாசித்தார்கள், டிக்ஸன் பெயரைப் போடவில்லை. அதில் ஸ்டீவ் மேரியட் கத்திப் பாடுகிற விதத்தைக் கேட்டுவிட்டு, லெட் செப்பலினின் 1969ஆம் வருட 'ஹோல் லாட்டா லவ்' பாட்டில் ராபர்ட் பிளான்ட் பாடுவதைக் கேட்டால் நடுவில் நின்றது யார் என்பது உடனே விளங்கும். செப்பலினும் டிக்ஸன் பெயரைப் போடவில்லை. அவர் 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசம் ஆனது, இன்று பாட்டின் உரிமையில் அவர் பெயர் இருக்கிறது. செப்பலின் கிட்டாரிஸ்ட் ஜிம்மி பேஜின் ரிஃப் டிக்ஸனுடையது இல்லை, அது பேஜின் சொந்த மேதைமை. ஆனால் வரிகள் டிக்ஸனுடையவை. அதை ஒப்புக்கொள்ள 18 வருடமும் ஒரு வக்கீலும் தேவைப்பட்டது அநியாயம்.

இதற்கு நேரெதிராக ரோலிங் ஸ்டோன்ஸ் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1965இல் 'ஷிண்டிக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது, கறுப்பின ப்ளூஸ் பாடகர் ஹவுலிங் வுல்ஃபும் மேடையேற வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அந்தக் காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. ஆறடிக்கு மேல் உயரமும் மலை போன்ற உடம்புமாக, ஐம்பதைத் தாண்டிய மனிதர் மேடையில் ஆடிப் பாடுகிறார், அப்போது உச்சத்தில் இருந்த ஸ்டோன்ஸ் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் பலருக்குத் தங்கள் நாட்டுக் கலைஞர் ஒருவரை ஆங்கிலேயப் பையன்கள்தான் அறிமுகம் செய்து வைத்தார்கள்.

சில விஷயங்களுக்கு வழக்குப் போடவும் வழியில்லை. தாளத்துக்குக் காப்புரிமை கிடையாது, அதனால் போ டிட்லிக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவே இல்லை. 1955இல் தன் பெயரையே வைத்து அவர் வெளியிட்ட பாட்டில் வருகிற தாளத்தை நம் சொற்கட்டிலேயே சொல்லிவிடலாம்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மொத்தம் 16 எண்ணிக்கை. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டுங்கள், ஐந்து தட்டு வரும், அவ்வளவுதான், போ டிட்லி தாளம் உங்கள் கையில் இருக்கிறது. 1957இல் பட்டி ஹாலி அதை எடுத்தார். பட்டி ஹாலியின் அந்தப் பாட்டையே 1964இல் ஸ்டோன்ஸ் எடுத்து, தாளத்தை இன்னும் அழுத்தி வாசித்தார்கள். ஹூ, ஸ்டூஜஸ், யு2 என்று அது போய்க்கொண்டே இருந்தது. 1979இல் கிளாஷ் முதல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது தங்களுக்கு முன்னால் வாசிக்க போ டிட்லியை அழைத்தார்கள், அவர்களில் பலர் அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். போ டிட்லிக்கு முன்னால் அந்தத் தாளம் இல்லையா என்றால், இருந்தது. வாத்தியம் வைத்துக்கொள்ள வழியில்லாத கறுப்பின மக்கள் கையாலும் தொடையாலும் நெஞ்சாலும் தட்டி வாசித்த 'ஹேம்போன்' அது. அதற்கும் வேர் ஆப்பிரிக்காவில். ஆக, எல்லோருக்கும் மூத்தவர் என்று நாம் நினைக்கிற போ டிட்லியும் நடுவில் நிற்பவர்தான்.

பிக் ஸ்டாரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதாமல் விட முடியாது. மெம்ஃபிஸ்காரர்கள். பீட்டில்ஸும் பேர்ட்ஸும் விட்ட இடத்திலிருந்து 1972இல் ஒரு அருமையான ஆல்பம் போட்டார்கள், விநியோகம் சரியில்லாமல் கடைகளுக்கே போய்ச் சேரவில்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், வாங்க நினைத்தவர்களுக்குத் தட்டு கிடைக்கவில்லை. பத்து வருடம் கழித்து ஆர்.ஈ.எம்., ரீப்ளேஸ்மென்ட்ஸ், அப்புறம் டீனேஜ் ஃபேன்கிளப் எல்லோரும் அதைத்தான் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். ரீப்ளேஸ்மென்ட்ஸ் 1987இல் பிக் ஸ்டாரின் அலெக்ஸ் சில்ட்டன் பெயரிலேயே ஒரு பாட்டு வெளியிட்டார்கள். விற்காத ஆல்பம் ஒன்று, விற்ற நூறு ஆல்பங்களைவிட அதிக பேண்டுகளை வளர்த்திருக்கிறது. எண்பதுகளின் கிட்டார் பாப் முழுவதிலும் அந்த மினுங்குகிற கிட்டார் ஓசை இருக்கிறது.

இவ்வளவும் மூத்தவரிடமிருந்து இளையவருக்குப் போனது. எதிர்த் திசையிலும் போகும். நீல் யங் 1991இல் தன் சுற்றுப்பயணத்தில் சோனிக் யூத்தைச் சேர்த்துக்கொண்டார். இரைச்சலையே இசையாக வைத்து வாசித்த அவர்களை, கூட்டத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. நீல் யங்குக்குப் பிடித்தது. அந்தச் சுற்றுப்பயணத்திலிருந்து 'ஆர்க்' என்று ஒரு ஆல்பம் வந்தது, 35 நிமிடம், பாட்டு என்று எதுவுமே இல்லை, பாடல்களின் தொடக்கத்திலும் முடிவிலும் வருகிற ஃபீட்பேக் ஓசைகளை (ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கிட்டாரைப் பிடித்தால் எழுகிற ஊளை) ஒன்றாகத் தொகுத்தது. அந்த யோசனையைக் கொடுத்தது சோனிக் யூத்தின் தர்ஸ்டன் மூர். 45 வயதில், இருபது வருடத்துக்கு மேல் ஆல்பம் போட்ட ஒருவர், தன்னைக் கேட்டு வளர்ந்த பையன் சொன்னதைக் கேட்டு இப்படி ஒன்றைச் செய்தார். நீல் யங் ஏன் கிழடு தட்டாமல் இருந்தார் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே விளக்கம் இதுதான், அவர் காது மூடவில்லை.

1995இல் பேர்ல் ஜாமோடு சேர்ந்து சியாட்டிலில் சில நாட்களிலேயே 'மிரர் பால்' ஆல்பத்தைப் பதிவு செய்தார். அவருக்குப் பின்னால் வாசித்த அந்தப் பையன்கள் அப்போது உலகத்திலேயே அதிகம் விற்கிற பேண்டுகளில் ஒன்று. கம்பெனிகளுக்கு இடையிலான ஒப்பந்தச் சிக்கலால் ஆல்பத்தின் அட்டையில் பேர்ல் ஜாம் என்ற பெயரைப் போட முடியவில்லை. வாசித்தவர்களின் பெயர்களைத் தனித்தனியாக உள்ளே அச்சிட்டார்கள்.